பட்டினித் தட்டு

பல்கலைக்கழக வாசலைத் தாண்டி, நாகமலை புதுக்கோட்டையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் துண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கு, காலில் புழு வளர்க்கிற அறைக்குள் மட்டும் போட வேண்டிய ரப்பர் செருப்பு. அதை மாற்றக்கூட நிற்கவில்லை. பின்னால் வந்த பேருந்து என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. நான் கை காட்டவில்லை. கோபத்தில் போகிறவன் பேருந்தில் உட்கார்ந்தால் பாதி வழியிலேயே கோபம் இறங்கிப் போய்விடும். எனக்கு அது வீடு வரைக்கும் வேண்டியிருந்தது.

புழு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன். தட்டை எப்படிக் கழுவ வேண்டும், அறை எவ்வளவு சூடாக இருக்கலாம், புழு கூட்டுப்புழு ஆனால் எங்கே மாற்ற வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. நீங்களே படித்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்டாத விஷயம் ஒன்று உண்டு. பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவன்மேல் வருகிற பொறாமை. அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது ஏராளமாக இருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் குடும்பம் செக்கானூரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தது. எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ரப்பர் தோட்டம், மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி, ஆந்திராவில் போர்வெல் லாரி என்று சுற்றினேன். சில ஊர்களில் வேலை கிடைக்கிறவரை குழாய்த் தண்ணீர்தான் சாப்பாடு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வயிறு சத்தம் போடும். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அதுவே அலுத்துப்போய் அடங்கிவிடும்.

கடைசியில் கப்பலூரில் தெர்மாகோல் பெட்டி வார்க்கிற கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் பல்கலைக்கழகத்தில் புழு ஆராய்ச்சி செய்கிற மேடத்தைப் பார்த்தேன். மருந்து, சாயம் எதுவும் கலக்காத சுத்தமான தெர்மாகோல் வேண்டுமென்று கேட்டு வந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். புழு தின்பதற்கு என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கச் சொன்னார். போனேன். ஒரு தட்டில் மாவுப்புழுக்கள் தெர்மாகோல் துண்டைச் சுற்றி மொய்த்திருந்தன. மழை பெய்கிற மாதிரி மெல்லிய சத்தம். துண்டு முழுக்க ஓட்டை. நாங்கள் வார்த்து வார்த்து லாரியில் ஏற்றுகிற பொருள், மண்ணில் போட்டால் பேரன் காலத்திலும் அப்படியே கிடக்கிற பொருள், அதை ஒரு புழு கடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

மேடம் எனக்கு முதலில் சொல்லித் தந்தது ஒன்றுதான். கடிப்பது வேறு, செரிப்பது வேறு. எலிகூடத்தான் பிளாஸ்டிக் வாளியைக் கடிக்கிறது, அதனால் அது வயிறு நிறைந்து தூங்கிவிடுமா? புழுவின் குடலுக்குள் பாக்டீரியா இருக்கிறது. அது தெர்மாகோலை உடைத்துப் புழுவுக்கு ஊட்டுகிறதா, இல்லை புழு சும்மா மென்று வெளியே தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க மூன்று வகைத் தட்டுகள். ஒன்றில் தவிடு. ஒன்றில் தெர்மாகோல் மட்டும். ஒன்றில் எதுவுமே கிடையாது. அந்தக் கடைசித் தட்டுக்கு மேடம் இங்கிலீஷில் ஏதோ பெயர் வைத்திருந்தார். நாங்கள் பட்டினித் தட்டு என்போம். தெர்மாகோல் தட்டில் இருப்பவை பட்டினித் தட்டில் இருப்பவற்றைவிடத் தெம்பாக இருந்தால், தெர்மாகோல் உடம்பில் சேர்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒன்றுபோல வாடினால் எல்லாம் வீண்.

தெர்மாகோல் தட்டும் பட்டினித் தட்டும் என் பொறுப்பு. முட்டையிடும் வண்டு, குஞ்சுப்புழு, தவிட்டுத் தட்டு எல்லாம் துளசிராம் பொறுப்பு.

துளசிராம் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன், வயதிலும் சின்னவன். மதுரை மகால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தான். சாய வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் அதை விட்டுவிட்டு வந்தான். போனில் வீட்டோடு அவர்கள் பாஷையில் பேசுவான், போனை வைத்துவிட்டு நம்மோடு நல்ல மதுரைத் தமிழில் பேசுவான். இரண்டிலும் குரல் உயராது. சிக்கெடுத்துப் பழகிய விரல்கள் அவனுக்கு. புழுவை எடுத்தால் அதற்கே தெரியாது. அதே தவிடு, அதே துணி, அதே அறை. ஆனால் அவன் தட்டில் வண்டுகள் அள்ளி அள்ளி முட்டை வைத்தன. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் மேடம் நேராக அவன் பக்கம்தான் கூட்டிப்போவார். என் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வாடுகிற புழுக்கள்.

மேடம் அவனைத் துளசி அண்ணே என்பார். என்னை, இங்க பாருங்க என்பார். பிளாஸ்கில் காபி கொண்டுவந்தால் மூடியில் ஊற்றி முதலில் அவனுக்குத் தருவார். குடலிலிருந்து பிரித்து வளர்த்த பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்றும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "பாசிமணியக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கு மேடம்" என்றான். மேடம் சந்தோஷமாகச் சிரித்தார். அப்புறம் என் முறை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். தெரிகிறது என்றேன். அவ்வளவுதான் வந்தது. பாசிமணி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று வீடு போகிறவரை யோசித்துக்கொண்டே போனேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அந்தப் புழுவின்மேலேயே பொறாமை உண்டு. ஊர் ஊராகத் தண்ணீரைக் குடித்துத் திரிந்தபோது என் வயிற்றுக்குள் இப்படி ஒரு கூட்டாளி இருந்திருந்தால் எவ்வளவு வசதி. சாலையோரத்தில் கிடக்கிற குப்பையைத் தின்றே விஜயவாடா போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஒரு சித்திரை மாதம் காலையில் கரண்ட் போய்விட்டது. ஏசி நின்றதும் அறை கொதிக்க ஆரம்பித்தது. நான் மட்டும்தான் இருந்தேன். எல்லாத் தட்டுகளையும் தரையில் இறக்கினேன். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். தெர்மாகோல் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குத்தான் துளசிராம் வந்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போன நேரம், அவன் ஈரச் சாக்கைச் சரிசெய்துகொண்டு நின்ற நேரம், மேடம் உள்ளே வந்தார். நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்று அவனிடம் சொன்னார். வாளியோடு வாசலில் நின்ற என் காதில் அது நன்றாக விழுந்தது. காலையிலிருந்து அண்ணன்தான் பார்த்தார் என்று அவனும் சொன்னான். அதற்குள் மேடம் மின்வாரியத்துக்குப் போன் போடத் தொடங்கிவிட்டார். அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

இந்த நிலையில்தான் அடுத்த கட்டத் திட்டத்தில் ஒருவருக்குத்தான் அறைப் பொறுப்பு, அது ஒப்பந்த வேலை இல்லை, நிலையான வேலை என்ற செய்தி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்த காலம் அது. திருநகரில் வாடகைக்கு அறை எடுத்து, ஒரு மின்விசிறியும் வாங்கியிருந்தேன். விசிறி வாங்குகிறவன் ஊரைவிட்டு ஓடமாட்டான். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். அதைவிட, துளசிராமுக்குப் போகக்கூடாது.

எடை போட்டுப் பார்த்த அன்று மேடத்தின் முகம் மாறியது. தெர்மாகோல் தட்டுப் புழுக்களும் பட்டினித் தட்டுப் புழுக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன. பட்டினி கிடந்து சாகவேண்டியவை தெம்பாக நெளிந்துகொண்டிருந்தன. அப்படியென்றால் தெர்மாகோலைத் தின்பதும் ஒன்றுதான், தின்னாமல் கிடப்பதும் ஒன்றுதான். குடலில் இருக்கும் பாக்டீரியா ஒரு வேலையும் செய்யவில்லை. மேடம் இத்தனை வருடம் பின்னால் ஓடியது ஒரு பொய்.

என்னைக் கூப்பிட்டார்.

"தட்டு சரியாக் கழுவுறீங்களா? பழைய தவிடு ஒட்டியிருக்கா?"

"சுத்தமாத்தான் கழுவுறேன் மேடம்."

"அப்பறம் எப்படிங்க?"

 மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை வைத்துப் பார்ப்போம், இந்தச் சுற்று முடிந்ததும் பட்டினித் தட்டுகளைத் துளசி அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அறைப் பொறுப்பு யாருக்கு என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பட்டினித் தட்டுகளைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தேன். பொறாமைக்காரனுக்குக் கண் கூர்மை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பட்டினித் தட்டிலும் கொஞ்சம் எச்சம் விழும். பசி தாங்காமல் புழுக்கள் செத்ததைத் தின்னும், சில சமயம் சாகாததையும் தின்னும். அது கறுப்பாக இருக்கும். ஒரு நாள் தட்டைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது மூலையில் பழுப்பாக நைசான தூள் இருந்தது. அதே தூளைத் தவிட்டுத் தட்டில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், தவிடு தின்ற புழுவின் எச்சம். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

யாரோ தவிடு போடுகிறார்கள். அறைச் சாவி எங்கள் இருவரிடமும் மேடத்திடமும்தான் உண்டு. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கண்ணால் பிடிக்கவேண்டும் என்று காத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் வெளியே மரத்தடிக்குப் போய்விடுவேன். துளசிராமுக்கு வெயில் ஆகாது. புழு அறையை ஒட்டிய சின்ன அறையில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவான். ஒரு நாள் மரத்தடிக்குப் போகிற மாதிரி போய்விட்டு, கட்டடத்தைச் சுற்றி வந்து ஜன்னலோரம் நின்றேன். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். தயிர்ச் சோறு. தொடவில்லை. எழுந்து கையைக் கழுவினான். புழு அறைக்குள் போய், தவிட்டு டப்பாவிலிருந்து விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தான். பட்டினித் தட்டு ஒவ்வொன்றின் மூடியையும் தூக்கி, கோலம் போடுகிற மாதிரி அதைத் தூவினான். புழுக்கள் மேலே வந்து மூடுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.

உண்மையைச் சொல்கிறேன், நான் இன்னும் சாப்பிடவில்லை, ஆனால் வயிறு நிறைந்துவிட்டது.

மேடம் மாடியில்தான் இருந்தார். படிக்கட்டு வரைக்கும் வேகமாகப் போனேன். கைப்பிடியில் கை வைத்ததும் நின்றுவிட்டேன். அங்கே சுவரில் ஒரு கண்ணாடி இருக்கும், இப்போதும் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதில் என் முகம் தெரிந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிறவன் முகம். ஒருவனுடைய தப்பைச் சொல்லப் போகிறவன் முகம் அப்படி இருக்கக்கூடாது. இந்த முகத்தோடு போய் நின்றால், சொல்வது நிஜமாகவே இருந்தாலும் பொறாமையில் சொல்கிறான் என்றுதான் மேடத்துக்குப் படும். இன்னொன்று, பொறாமையில்தான் சொல்கிறேன் என்று எனக்கும் படும். திரும்பி வந்தேன்.

"என்னடா பண்ற?" என்றேன்.

அவன் பதறவில்லை. வாயிலிருந்ததை விழுங்கினான். "சாப்புடுறேண்ணே."

"அதுக்கு முன்னாடி?"

கையிலிருந்த சோற்றைப் பாக்ஸுக்குள் வைத்தான். "பாத்துட்டீங்களா? ஒரு சிட்டிகைதாண்ணே."

"தெனமுமா?"

"எங்க வீட்ல எறும்புக்குப் போடாம யாரும் சோத்துல கை வைக்க மாட்டோம். பக்கத்து ரூம்ல இம்புட்டு உசுரு பசியோட கெடக்கு. எனக்கு எப்படிண்ணே எறங்கும்?"

"அப்ப தெர்மாகோல் தட்டு? அதுல இருக்குறது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கு ஏன் போடல?"

அவன் என்னை விளங்காமல் பார்த்தான். "அதுகளுக்குத்தான் சாப்பாடு கெடக்குதேண்ணே."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கட்டடத்தில் தெர்மாகோலைச் சாப்பாடு என்று முழுதாக நம்பியவன் அவன் ஒருவன்தான். மேடத்துக்குச் சந்தேகம் உண்டு, சந்தேகப்படுவதுதான் அவர் வேலை. எனக்கு அதில் பெரிய கருத்து எதுவும் இல்லை. இவன் மைக்ராஸ்கோப்பில் பாசிமணியைப் பார்த்த அன்றே நம்பிவிட்டான். நம்பியதால்தான் தெர்மாகோல் தட்டை விட்டுவிட்டுப் பட்டினித் தட்டுக்கு மட்டும் ஊட்டியிருக்கிறான். அவன் நம்பியதை நிரூபிக்க விடாமல் செய்ததும் அவன் கைதான்.

அன்று எனக்கு இவ்வளவும் தோன்றவில்லை. கத்தினேன். "ஒன் புண்ணியத்துக்கு எம்பொழப்பு போகுதுடா. தட்ட ஒழுங்காக் கழுவலன்னு எம்மேல பழி. நானும் தூளப் பாத்துப் பாத்து மண்டையப் பிச்சுக்கிட்டுத் திரியிறேன்."

அவன் முகம் வெளிறிவிட்டது. அது நடிப்பில்லை. "ஒங்க மேலயா? எங்கிட்ட யாரும் சொல்லலியேண்ணே. ஒரு சிட்டிகை என்னா செஞ்சுரும்னு நெனச்சேன்."

"புழுவுக்குச் சிட்டிகைங்கிறது விருந்துடா. நீயே போய் மேடத்துக்கிட்டச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள சொல்லல, நான் சொல்லுவேன்."

சாயங்காலம் வரை காத்திருப்பான், அழுவான், சொல்ல வேண்டாம் என்று என்னைக் கெஞ்சுவான் என்று நினைத்தேன். கெஞ்சினால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடினான், கையைத் துடைத்தான், மாடிப்படி ஏறிப் போய்விட்டான். நான் கீழே செய்வதற்கு வேலையில்லாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். மேடம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாதக்கணக்கில் செய்த வேலை கையைவிட்டுப் போன ஒருவரின் முகத்தை நான் அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். எப்போதிலிருந்து என்று துளசிராமைக் கேட்டார். முதல் நாளிலிருந்து என்றான். அவர் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது கண்ணில் வேறு ஏதோ இருந்தது.

"அப்ப பட்டினித் தட்டு பட்டினியே இல்ல. தெனம் சிட்டிகைத் தவிடு தின்ன புழுவுக்குச் சமமா வெறும் தெர்மாகோல் தின்ன புழு நிக்குது." இதை எங்களிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம் என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் அன்று நடந்து வந்திருக்க மாட்டேன். துளசிராமுக்கு மனம் கேட்கவில்லை. என் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அண்ணன்தான் மேடம் கண்டுபிடிச்சாரு. தட்டுல கெடந்த தூள வச்சே பிடிச்சுட்டாரு" என்றான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "தூள எப்பப் பாத்தீங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கணும்ல?"

 யார் என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, அறைப் பொறுப்பைத் துளசி அண்ணனிடமே கொடுக்கலாமென்று இருப்பதாகச் சொன்னார்.

"தப்பு எல்லாருக்கும் நடக்கும். நடந்தா ஏறி வந்து சொல்ற ஆளுதான் எனக்கு அந்த ரூம்ல வேணும்."

தப்பு செய்தவன் ஏறி வந்து சொல்லலாம். செய்யாதவன் எதை வந்து சொல்வது? சொல்வதற்காகவாவது நானும் ஒரு தப்பைச் செய்திருக்க வேண்டும் போலிருக்கிறது. ஊட்டியவனுக்கு அறை. பிடித்தவனுக்குக் கேள்வி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினேன். கருவேல முள்ளில் கேரி பைகள் மாட்டிக்கொண்டு காற்றுக்குப் படபடத்தன. லாரிகள் போகிற வேகத்துக்கு என் துண்டும் படபடத்தது. வழி நெடுக மேடத்தோடு மனசுக்குள் வாதாடினேன். அவர் கேட்டது நியாயமா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்வேன். தட்டில் எதையாவது வித்தியாசமாகப் பார்த்தால் அன்றே சொல்லிவிடுங்கள். யார் செய்தது என்று கண்டுபிடித்துச் சொல்லலாமென்று மடியில் கட்டி வைக்காதீர்கள். நாளாக நாளாக அது தட்டைப் பற்றிய பேச்சாக இருக்காது, ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும். அதன்பிறகு நீங்கள் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் அரை விலைக்குத்தான் போகும்.

நடந்துகொண்டே கப்பலூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். பழைய சூப்பர்வைசர் எடுத்தார். "வா மாப்ள, ஆளே இல்ல. நாளைக்கே வா, மெஷின் பொறுப்பு ஒனக்குத்தான்" என்றார். பொறுப்பு என்ற சொல் காதுக்கு இதமாக இருந்தது. காலையில் வருகிறேன் என்றேன். திருநகர் வந்து சேர்வதற்குள் காலில் கொப்புளம். கோபம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை திருமங்கலம் போகிற பேருந்துக்காகத் திருநகர் நிறுத்தத்தில் நின்றேன். எதிர்ப்பக்கத்திலிருந்து மொபெட்டில் துளசிராம் வந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து வந்தான்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"கப்பலூருக்கு. ஒனக்கென்ன, பெரியாளு. வாழ்த்துச் சொல்ல வந்தியா?"

"பட்டினித் தட்ட எங்கிட்டக் குடுக்க வேணாம்னு நேத்தே மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன். புதுசா வச்சாலும் என்னால முடியாதுண்ணே. சத்தியம் பண்ணிட்டுப் போனாலும் கை தன்னால தவிட்டுக்குப் போயிரும்."

"அதுக்கு?"

"வேற யாரு பாப்பான்னு கேட்டாங்க. ஒங்க பேரச் சொன்னேன்."

"ஈவிரக்கம் இல்லாத பயன்னு சொன்னியாக்கும்."

"இல்லண்ணே." தரையைப் பார்த்தான். "பட்டினி கெடந்தவரு, அதப் பாத்து மெரள மாட்டாருன்னு சொன்னேன்."

நான் பசியோடு திரிந்ததைப் பற்றி அவனிடம் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். அவன் காதில் விழுந்ததாகக்கூட அப்போது தெரியவில்லை.

"ஒனக்குக் கீழதான வேல பாக்கணும்?"

"ஆமாண்ணே" என்றான். மழுப்பாமல் சொன்னான்.

கப்பலூர் வழியாகப் போகிற பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதக் காத்திருந்தார். அங்கே போனால் மெஷின் பொறுப்பு, கூடுதல் கூலி, யாருக்கும் கீழே இல்லை. தெர்மாகோலை வார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். இங்கே வந்தால் எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கீழே. ஆனால் நான் தொடங்கிய தட்டுகளை வேறொருவன் முடிப்பான், அந்தப் புழு பிழைத்ததா இல்லையா என்று நான் பேப்பர் படித்துத் தெரிந்துகொள்வேன் என்பதை நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் அவனால் முடியாத வேலை ஒன்று இருந்தது. அது என்னால் முடியும். இந்த எண்ணம் கொடுத்த சுகத்தைக் கப்பலூரில் எந்த மெஷினும் கொடுத்திருக்காது. கண்டக்டருக்குக் கையை ஆட்டிப் போகச் சொன்னேன்.

அவனுக்குப் பின்னால் மொபெட்டில் உட்கார்ந்தேன். சைக்கிள்காரன்கூட எங்களை முந்திப் போனான், அவ்வளவு மெதுவாக ஓட்டினான். வழியில் இரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். எனக்கு ஒருவரும் ஆட்டவில்லை.

மேடம் அறையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வந்துட்டீங்களா என்றார். புதிய தட்டுகள் கழுவிக் காய்ந்திருந்தன. புழுக்களை எடைபோட்டுப் பிரித்தோம். தவிட்டுத் தட்டில் தவிடு, தெர்மாகோல் தட்டில் தெர்மாகோல். பட்டினித் தட்டுகளில் நானே என் கையால் புழுக்களை விட்டேன். வெறும் தட்டில் அவை எதையோ தேடி ஓரம் ஓரமாக ஓடின. அவற்றைப் பார்த்துக்கொண்டே மூடியைப் போட்டேன். துளசிராம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

மேடம் மாடிக்குப் போனதும், பெஞ்சில் இருந்த அவன் டிபன் பாக்ஸைக் காட்டினேன். "இத எடு. இனிமே இந்தப் பக்கம் சாப்பாட்டோட வரக்கூடாது. வெயிலோ மழையோ, வெளிய போய்ச் சாப்புடு. தவிட்டு டப்பாவுக்குப் பூட்டுப் போட்டாச்சு, சாவி எங்கிட்ட இருக்கும்."

"சரிண்ணே" என்றார் அறைப் பொறுப்பாளர். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, பட்டினித் தட்டுகளுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.